தமையன் பாட்டும் தம்பி பணியும்

(சங்கத்தின் பாரதி விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பாரதி விழாவிலே பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தபோது எனக்குச் சிறிது தயக்கமாகவே இருந்தது. இந்த மேடையிலே பாரதியைப் பற்றிப் பேசாதவர் யார்? அவருடைய நாட்டுப்பற்றைப் பற்றியும், பெண் விடுதலையைப் பற்றியும், சக்தி வழிபாட்டைப் பற்றியும் என்னிலும் கற்றவர்கள் பேசிவிட்டார்கள். ஆகவே இன்று பாரதியாரைச் சற்றே ஒதுக்கிவைத்து, அவருடைய தம்பியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் பெயர் சி. விசுவநாதன்.

அவர் பாரதியாருடன் ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் வளர்ந்த தம்பியல்லர். தந்தையாரின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்தவர். தந்தை சின்னசாமி ஐயர் 1898 இல் காலமானபோது விசுவநாதன் சிறு குழந்தை. தமையனோ அந்நாளிலேயே காசிக்குப் போய்விட்டார். பின்பு சென்னை, அதன்பின் 1908 முதல் பத்தாண்டு புதுச்சேரி வாசம். இருவருக்கும் இடையே உறவை வளர்த்தவை பெரும்பாலும் கடிதங்களே.

அக்கடிதங்களுள் ஒன்று 1918 ஆம் ஆண்டு புதுச்சேரியிலிருந்து எழுதப்பட்டது. தம்பி ஆங்கிலத்திலே கடிதம் எழுதியிருக்கிறார். தமையனுக்கு அது பொறுக்கவில்லை. இனி எனக்கு ஆங்கிலத்தில் எழுதாதே, உன் தமிழ் எத்துணை கொச்சையாயிருந்தாலும் அதை ஆவலோடு படிப்பேன், அதுவும் முடியாவிட்டால் சமஸ்கிருதத்திலாவது எழுது என்ற கருத்திலே பதில் போகிறது.

இதைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. நான் மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்தவன். அங்கே எனக்கு ஆங்கிலத்தைச் செம்மையாகக் கற்பித்தார்கள். அதற்கு நான் என்றும் நன்றியுடையவன். தமிழும் கற்பித்தார்கள், கற்றுக்கொள்ளாதது என் குற்றமேயன்றி அவர்கள் குற்றமன்று. பல்கலைக்கழக விடுதியிலிருந்து என் தங்கைக்கு நான் கைத்தொலைபேசியில் அனுப்பும் செய்திகளைப் பாரதியார் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! சமஸ்கிருதமும் எனக்குத் தெரியாது. (சிரிப்பு) அவ்வாறு கண்டிக்கப்பட்ட தம்பியே பின்னாளில் தமையனின் தமிழுக்குக் காவலராய் நின்றார் என்று அறிந்தபோது எனக்கும் சிறிது தைரியம் பிறந்தது.

1921 ஆம் ஆண்டு செப்டெம்பரில் பாரதியார் திருவல்லிக்கேணியிலே கண் மூடினார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் தம் எழுத்துக்களை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் வீதம் அச்சிடுவதற்குத் திட்டமிட்டு, நண்பர்களிடம் பொருளுதவி கேட்டிருந்தார். தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு விலைபோகும் என்று நம்பினார். அத்திட்டம் நிறைவேறவில்லை. அவருடைய எழுத்திற் பெரும்பகுதி பத்திரிகைத் தாள்களிலும் கையெழுத்துப் பிரதிகளிலுமாகச் சிதறிக் கிடந்தது. சில ஷெல்லிதாசன், காளிதாசன் முதலிய புனைபெயர்களில் வந்தவை. அவற்றை அவருடையவையென்று அடையாளங் காண்பதே ஒரு வேலை.

ஓர் உதாரணம் மட்டும் சொல்லுகிறேன். ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகம் 1912 இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் இருக்கும்வரை நூலாக வரவேயில்லை; 1924 இலேதான் வந்தது. பாஞ்சாலி சபதம் செய்வது எந்தப் பாகத்திலே? இரண்டாம் பாகத்திலேதான்! அந்தக் கையெழுத்துப் பிரதியை வீட்டார் பழந்தாளோடு பழந்தாளாகப் போட்டிருந்தால், சபதமே இல்லாத பாஞ்சாலி சபதத்தையே நாம் இன்று படித்துக் கொண்டிருப்போம்.

முதலில் இப்பணியைத் தலைமேற் கொண்டவர் மனைவியார் செல்லம்மாள். கையிலே பணமில்லை, பெண்மக்கள் இருவர். அந்நிலையிலும் தம் தமையனார் அப்பாத்துரை ஐயரின் துணையோடு பாரதி ஆச்சிரமம் என்னும் பெயரால் 1922 இல் ‘சுதேச கீதங்க’ளை வெளியிட்டார். போதிய ஆதரவில்லாமல் அம்முயற்சி தளர்ந்தது. பாரதிக்கு விழா எடுக்கும் நாம் இதை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று.

அதன்பின் விசுவநாதன், ஹரிஹர சர்மா, மருமகன் நடராஜன் ஆகிய மூவரும் சேர்ந்து பாரதி பிரசுராலயத்தை நடத்தினார்கள். நாளடைவில் மற்ற இருவரும் விலக, பொறுப்பு முழுவதும் விசுவநாதனிடமே வந்தது. அவர் பள்ளிக்கூட ஆசிரியர், செல்வரல்லர். தேடித் தொகுத்தல், ஒப்புநோக்கல், வகைப்படுத்தல், அச்சுப்பிழை திருத்தல், புத்தகக் கட்டுகளை அனுப்பிக் கணக்குப் பார்த்தல், இவைதாம் அவருடைய தொண்டு. இவற்றுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

1928 இலே பெரிய இடர் வந்தது. முதலிற் பர்மா அரசாங்கம் பாரதி பாடல்களைத் தடைசெய்தது. செப்டெம்பரிற் சென்னை அரசாங்கமும் அவ்வழியே சென்று, சுமார் 2,000 பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சட்டசபையிலே சத்தியமூர்த்தி அதனைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். அப்பேச்சு வரலாற்றில் நிற்கிறது, நிற்கவேண்டியதே. ஆனால் அலுமாரி காலியாகிப்போன சிறு பதிப்பகத்தார் மறுநாட் காலையில் என்ன செய்திருப்பார்கள் என்பதையே என் மனம் எண்ணுகிறது.

இனி, சற்றுக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். 1940 களிலே பாரதியின் புகழ் ஓங்கியபோது, பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. நூலுரிமை விசுவநாதனிடம், இசைத்தட்டு, திரைப்பட உரிமையோ கைமாறிக் கைமாறி ஏ.வி. மெய்யப்பனிடம் சேர்ந்திருந்தது. ‘பில்ஹணன்’ படத்திலே பாரதி பாட்டைச் சேர்த்தது பற்றி டி.கே. சண்முகத்தோடு வழக்கும் மூண்டது. மக்கள் கவியின் பாட்டுக்குத் தனியார் பூட்டா என்று எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தார்கள். நாரண துரைக்கண்ணன் முதலியோர் பாரதி விடுதலைக் கழகம் அமைத்துப் போராடினார்கள். மெய்யப்பன் தம் உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசு 1949 இல் உரிமைகளைப் பெற்றது. 1955 இல் அவை பொதுவுடைமையாயின. இல்லையேல் சட்டப்படி 1971 வரை நாம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

அப்போராட்டம் நியாயமானதென்பதே என் கருத்து. ஆனால் அதைச் சொல்லும் சிலர், விசுவநாதனை ஏதோ புதையலைப் பூதம் காத்தாற்போலக் காத்தவர் என்று எண்ணுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளேன். செல்லம்மாளின் புத்தகங்கள் ஆதரவின்றித் தளர்ந்தபோது, அவற்றைப் பொதுவுடைமையாக்கு என்று யார் கேட்டார்கள்? திறந்துவிடுவதற்கு ஒரு செல்வம் இருக்கவேண்டுமானால், அதற்குமுன் மூடிக் காத்தவர் ஒருவர் இருந்திருக்கவேண்டும் அல்லவா? காத்தவர் காலம் வந்தபோது கைவிடவும் வேண்டும் என்பது மெய்தான். அது எளிதன்று. தமையன் கையெழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பிரதி செய்தவனுக்கு அது இன்னும் கடினம்.

நம்மூருக்கு இது புதிதன்று. நாவலர் பெருமானின் சரித்திரத்தை எழுதி, அவருடைய பிரபந்தங்களைத் திரட்டித் தந்தவர் அவருடைய பெறாமகன் கைலாசபிள்ளையே.

என் வீட்டுக் கதையையும் சொல்லி முடிக்கிறேன். என் அப்பப்பா பிரபல கவிஞர் அல்லர். கோயில் திருவிழாக்களுக்கு ஊஞ்சற் பாட்டும், இறந்தவர்களுக்குக் கல்வெட்டும் பாடியவர். இரண்டு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தாராம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து சனங்கள் எல்லாரும் புறப்பட்ட இரவிலே, அப்பாச்சி றங்குப்பெட்டியைத் திறந்து காணியுறுதிகளை எடுத்தார், கொப்பிகளை விட்டுவிட்டார். திரும்பிவந்தபோது பெட்டியும் இல்லை. அவரை நான் குறைசொல்லவில்லை. அந்த இரவிலே நானும் அதையே செய்திருப்பேன். சென்ற விடுமுறையில் அவரிடம் கேட்டேன். நினைவிலிருந்து ஓர் ஊஞ்சற் பாட்டில் மூன்றடி சொன்னார். நான்காம் அடி வரவில்லை. வந்தவற்றை எழுதி வைத்திருக்கிறேன், கொச்சையான கையெழுத்திலே.

இங்கே வந்திருக்கும் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். சங்க நூல்நிலையத்தில் வாசலுக்கு இடப்புறமுள்ள அலுமாரியில் ஒரு தட்டு வெறுமையாயிருக்கிறது. உங்கள் தகப்பனாரோ பாட்டனாரோ எழுதிய கொப்பி வீட்டிலிருந்தால், அதைத் தரவேண்டாம். ஒருநாள் கொண்டுவந்து காட்டுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் நானும் இரண்டு நண்பர்களும் அங்கே இருப்போம். பிரதி செய்துகொண்டு, கொப்பியை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம்.