வீட்டுக்கேற்ற கிற்றார் அம்பிளிபயர்



மின் கிற்றாரைத் தனியே எடுத்து மீட்டினால் அது பெரும்பாலும் ஊமை. சாதாரணக் கிற்றாருக்கு வயிறு உண்டு. அந்த வயிறே நரம்பின் ஒலியைப் பெருக்கி அறைக்குத் தருகிறது. மின் கிற்றாரோ வெறுங் கட்டை. அதன் நரம்புகளின் அடியிலே காந்தமும், காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும் உள்ளன. நரம்பு அதிரும்போது அக்கம்பியிலே மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதனை வளர்த்து ஒலியாக்கித் தருவதே அம்பிளிபயர். பாடநூல்கள் இதனை விரியலாக்கி என வழங்கும். ஆகவே மின் கிற்றார் வாங்குபவர் உண்மையில் இரண்டு வாத்தியங்களை வாங்குகிறார். இதனை அறியாதார் கையிலுள்ள பணம் முழுவதையும் கிற்றாருக்கே கொடுத்துவிட்டு, கடைக்காரர் கடைசியில் எடுத்து நீட்டும் சிறு பெட்டியோடு வீடு திரும்புவர். சில கிழமைகளில் அந்தப் பெட்டியின் தகர ஓசை காதுக்குச் சலித்துப்போகிறது. கிற்றாரும் மூலைக்குப் போகிறது. பிள்ளைக்கு இசை வராது என்று பெற்றார் முடிவு கட்டிவிடுகின்றனர். குற்றம் பிள்ளையிடத்தே அன்று.

வவுனியாவில் வாடகை வீட்டில் வசிக்கும் எழுதுவினைஞர் ஒருவரின் குடும்பத்தை நேயர்கள் மனத்திற் கொள்ளலாம். மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். வெளிநாடு சென்ற சிற்றப்பா விட்டுப்போன மின் கிற்றார் வீட்டில் இருக்கிறது. ஒரு சுவருக்கு அப்பால் அயல் வீடு. அங்கே நோயுற்ற முதியவர் ஒருவர். தந்தை மாதந்தோறும் சேர்த்து வைத்த பணம் ஒருமுறைதான் செலவாகும், மறுமுறைக்கு இடமில்லை. அவ்வேளையிலே மண்டபங்களில் வாசித்துவந்த இசைக்குழு ஒன்று கலைகிறது. அவர்களுடைய 100 உவாற்று அம்பிளிபயர் மலிவாக விலைக்கு வருகிறது. பெரியது மலிவாகக் கிடைத்தால் சிறியதை ஏன் வாங்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழுவதே.

இங்கே காதின் கணக்கைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். 10 உவாற்றைக் காட்டிலும் 100 உவாற்று பத்து மடங்கு உரத்து ஒலிக்கும் என்று நினைப்பது இயல்பு. காது அவ்வாறு அளப்பதில்லை. ஆற்றல் பத்து மடங்கானால் ஒலி ஏறத்தாழ இரு மடங்கு உரத்ததாகத் தோன்றும், அவ்வளவே. ஆற்றலை இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும். அது சிறிய ஏற்றமே. மறுபுறமாக நோக்கினால், 12 அங்குல நல்ல கிற்றார் ஒலிபெருக்கி ஒன்றுக்கு ஒரேயொரு உவாற்றைக் கொடுத்தாலே, ஒரு மீற்றர் தூரத்தில் 100 டெசிபெலை அண்டிய ஒலி எழும். அத்தகைய ஒலியை நாளொன்றில் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் அளவீடு. வீட்டறைக்கு ஓர் உவாற்றே அதிகம் என்றால், எஞ்சிய 99 உவாற்றுக்கு அந்தக் குடும்பம் எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்?

விரயம் மட்டுமன்று, இடையூறும் உண்டு. பெரிய அம்பிளிபயரின் ஒலிக்குமிழைத் திருப்பினால், முதலில் ஒன்றும் கேளாது. மயிரிழை தள்ளியதும் அயலவர் கதவைத் தட்டுவார். இடைப்பட்ட நிலையை விரலாற் பிடிப்பது அரிது. மேலும், ஒலி தாழத் தாழ மனிதக் காது அடிக்குரலையும் மிக உயர்ந்த குரலையும் குறைத்தே உணரும். பிளெச்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர் இதனை 1933ஆம் ஆண்டில் அளந்து வெளியிட்டனர். மண்டபத்துக்கென அமைத்த பெட்டி வீட்டில் மெலிந்து ஒலிப்பதற்கு இதுவும் காரணம்.

வால்வு அம்பிளிபயர்மீது பலருக்கு மோகம் உண்டு. அது காரணமற்ற மோகமன்று. பெண்டர் நிறுவனம் 1948ஆம் ஆண்டு முதல் விற்ற சாம்ப் என்னும் சிறு வகையும், 1960களில் இலண்டனில் மார்ஷல் செய்த பெரிய வகைகளும் வால்விலேயே இயங்கின. கிற்றார் ஓசை இன்னதென்று உலகின் காதுக்குப் பழக்கியவை அவைதாம். ஆனால் வால்வின் இனிமை, அதனை அதன் எல்லைவரை வருத்தும்போதே வெளிப்படும். 5 உவாற்று வால்வு அம்பிளிபயரை அந்த எல்லைக்குக் கொண்டுசென்றாலும் சிறு வீடு தாங்காது. வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும், அதுவும் செலவு. வரவு செலவு பார்க்கும் குடும்பத்துக்குத் திரான்சிஸ்டர் வகையோ எண்முறை வகையோ போதும். இவற்றைத் தரங்குறைந்தவை என ஏளனம் செய்யும் காலம் போய்விட்டது.

உவாற்றை விட்டு ஒலிபெருக்கியின் அளவைப் பார்ப்பது நல்லது. கிற்றாரின் மிகத் தாழ்ந்த நரம்பு செக்கனுக்கு 82 தடவை அதிர்கிறது. உள்ளங்கை அளவு ஒலிபெருக்கி அந்தக் குரலை எளிதில் வெளியிடாது. வொக்ஸ் நிறுவனத்தின் பாத்பைண்டர் 10 என்பதில் ஆறரை அங்குல ஒலிபெருக்கி உண்டு; பெண்டரின் சாம்பியன் 20இல் 8 அங்குலம். இந்த அளவுகள் அறைக்குப் பொருந்துவன. பொஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கற்றானா 50இல் 12 அங்குல ஒலிபெருக்கியும், ஆற்றலை அரை உவாற்றுக்குக் குறைக்கும் ஆளியும் அமைந்துள்ளன. சிறிது கூடச் செலவிடக்கூடியவருக்கு அது ஏற்றது. யமகா 2011இல் கொண்டுவந்த ரி.எச்.ஆர். 10 வேறு வழியிற் சென்றது. மேசைமேல் வைத்து மெல்ல வாசிக்கவே அது அமைக்கப்பட்டது. ஒலிபெருக்கி சிறிதாயினும் தாழ்ந்த ஒலியில் நிறைவு தரும். எட்டுப் பென்ரோச் பற்றரியிலும் அது இயங்கும். 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமின்றி இருந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. (பெயர்கள் சொல்லப்படுவது விளம்பரத்துக்காக அன்று, கடையில் எதனோடு எதனை ஒப்பிடுவது என்று தெரிவதற்கே.)

ஹெட்போன் செருகும் துளை இல்லாத பெட்டியை நம் எழுதுவினைஞர் தொடவே வேண்டாம். சுவருக்கு அப்பாலுள்ள முதியவரின் உறக்கமும், மகளின் இரவுப் பயிற்சியும் அந்தத் துளையில் தங்கியுள்ளன. நூறு வகை ஒலிமாற்றங்கள் உண்டு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பொத்தான்களோடு விளையாடும் நேரம் விரல்களுக்குக் கிடைக்காத நேரம். தூய ஒலி ஒன்று, கரகரத்த ஒலி ஒன்று, சிறிது எதிரொலி. தொடக்கத்துக்கு இவையே மிகை.

வீட்டிலுள்ள வானொலிப் பெட்டியிலோ பாட்டுப் பெட்டியிலோ கிற்றாரைச் செருகினால் ஆகாதோ எனச் சிலர் கேட்பர். ஒலி மங்கி வரும்; கிற்றாரின் மெல்லிய மின்னோட்டத்தை ஏற்பதற்கு அவை அமைக்கப்பட்டவையல்ல. அதனினும் பெரிய காரணம் உயிர். பழைய வால்வு வானொலிகள் சிலவற்றில் நிலைமாற்றி கிடையாது. உள்ளிருக்கும் உலோகத் தகடே மின்னிணைப்போடு நேரே தொடுக்கப்பட்டிருக்கும். அதிலே கிற்றாரை இணைத்தால், நரம்பைத் தொடும் கை மின்சாரத்தையே தொடுகிறது. இவ்வாறு பரிசோதித்துப் பார்ப்பதை எந்தப் பிள்ளைக்கும் அனுமதிக்கக்கூடாது.

பழைய அம்பிளிபயர் வாங்குவோரும் மின்சாரத்தை முதலிற் பார்க்க வேண்டும். இலங்கையின் மின்சாரம் 230 உவோற்று. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 120க்கும், யப்பானிலிருந்து வந்தது 100க்கும் அமைந்திருக்கலாம். பின்புறத் தகட்டைப் படியாமல் செருகினால் புகைதான் மிஞ்சும். புவிக்கம்பியை வெட்டி இரைச்சலைக் குறைத்திருக்கிறோம் என்று விற்பவர் சொன்னால் அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிடுவது நன்று. வால்வுப் பெட்டியாயின் அதைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். செருகியைக் கழற்றிய பின்னரும் அதன் கொள்ளளவிகளில் 300 உவோற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

மற்றக் குறைகள் அவ்வளவு பயங்கரமானவையல்ல. குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் அது பெரும்பாலும் தூசி, துடைக்கலாம். கிற்றார்க் கம்பி செருகும் துளை ஆடினால் ஈயம் வைத்துச் சரிசெய்யலாம். ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்திருந்தால் மாத்திரம் விலையை வெகுவாகக் குறைக்கக் கேட்க வேண்டும், அல்லது விலக வேண்டும்.

கடைக்குச் செல்லும்போது மகள் தன் கிற்றாரையே கொண்டு செல்லட்டும். கடையிலுள்ள உயர்ந்த கிற்றாரில் எந்தப் பெட்டியும் இனிக்கும். "அப்பா, சின்னப் பெட்டியில் சத்தம் காணாதே" என்று அவள் ஐயுறுவாள். குமிழ்கள் யாவற்றையும் நடுவில் வைத்து, இருவர் உரையாடும் அளவுக்கு ஒலியைத் தாழ்த்தி, முதலில் தாழ்ந்த நரம்பைத் தனியாக மீட்டிப் பார்க்க வேண்டும். அது அதிர்ந்து உளறாமல் உருண்டு வருகிறதா? பின்னர் ஆறு நரம்பையும் சேர்த்து மீட்டினால் ஒவ்வொன்றும் தனித்துத் தெரிகிறதா? கையை எடுத்தபின் பெட்டி முனகுகிறதா? இந்த மூன்றும் சரியானால், மேலே அச்சிட்ட உவாற்று எண்ணைப் பார்க்க வேண்டியதேயில்லை.

மிஞ்சும் பணத்தில் உறையிட்ட நல்ல கிற்றார்க் கம்பி ஒன்றும், புதிய நரம்புத் தொகுதி ஒன்றும் வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை அயல்வீட்டுச் சுவரோடு சேர்த்துத் தரையில் வைக்க வேண்டாம். சுவரும் மூலையும் அடிக்குரலைப் பெருக்கி அப்பால் அனுப்பும். கதிரையொன்றின்மேல், வாசிப்பவளின் காதை நோக்கிச் சற்றுச் சாய்த்து வைத்தால், குறைந்த ஒலியே அவளுக்கு நிறையக் கேட்கும்.