தினக்குறிப்பு எழுதுதல்
(நம் சங்கத்தின் வில்லியனூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாடோறும் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தலாற் பயன் யாதென வினவுவார்க்கு விடை நம் புதுவையிலேயே உளது. துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் 1736 செப்டம்பர் 6 தொடங்கி 1761 ஜனவரி வரை தினக்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் கூறியது, ஊரார் முணுமுணுத்தது யாவும் அதிலுண்டு. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டதை, இடிப்பித்தவரிடம் ஊழியம் பார்த்த அவரே மனம் நொந்து எழுதியிருக்கின்றார். வாய்திறந்து சொல்லலாகாததைத் தாள் ஏற்றுக்கொண்டது.

நெடுங்காலம் வீட்டினுட் கிடந்த அக்குறிப்பை 1846இல் கல்வா மோன்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் வெளிப்படுத்தினார். 1904 முதல் 1928 வரை 12 சம்புடங்களாக ஆங்கிலத்தில் வெளிவந்தது.

ஒன்றை மறையாது கூறுவேன். அவர் நடை பேச்சு நடை, வழுக்கள் மலிந்தது. பண்டிதப் பரீட்சை தேறிய இறுமாப்பினால் அதனை நகைத்தவன் யான். யானும் ஒருமுறை செந்தமிழில் தினக்குறிப்புத் தொடங்கி, எதுகை மோனை தேடிக் களைத்துப் பதினோராம் நாள் நிறுத்தினேன். அவ்வாண்டே என் தந்தையார் காலமானார். பாகூர் ஏரியின் எம்மதகு நீர் எவ்வயலுக்குப் பாயும் என்று மாலைதோறும் திண்ணையிலிருந்து அவர் சொல்லியவற்றுள் இன்று என் நினைவிலிருப்பன சில சொற்களே. வழுவோடேனும் எழுதியிருக்கலாம்.

முதியோர் பலர் இங்கு அமர்ந்திருக்கின்றீர்கள். எழுத இயலாதோர் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதுக; பிள்ளையவர்களும் நோயுற்ற நாளிற் சொல்லியே எழுதுவித்தார். கணக்கு நோட்டின் பின்பக்கமே போதும். தேதி மாத்திரம் தவறாது இடுக.