'போ'வும் 'ஹோகு'வும்

பெங்களூரிற் புதிதாகக் குடியேறும் தமிழர் பலர்க்கு நேரும் அனுபவம் ஒன்று உண்டு. அண்டை வீட்டார் வாயிலில் நின்று 'பன்னி, பன்னி' என்று முகமலர்ந்து அழைப்பார். நம் செவிக்கோ அது வசைபோலப் படும். 'வாருங்கள்' என்பதே அதன் பொருள் என அறிந்தபின் நாணுவோம்.

சொற்கள் உருமாறும் வியப்பினை முதலிற் பிரெஞ்சு மொழியிற் காண்போம். புதுச்சேரித் தமிழர்க்கு அம்மொழி புதிதன்று. அதில் 'போதல்' என்னும் வினை 'அலே'. 'போகிறேன்' என்பதற்கு 'வே'. 'போவேன்' என்பதற்கு 'இரே'. ஒன்றோடொன்று ஒவ்வாத இவை ஒரே வினையின் வடிவங்களானது எங்ஙனம்? 'வே' என்பது 'வாதெரெ' என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது; 'இரே' என்பது 'ஈரெ' என்பதன் வழிவந்தது; 'அலே' என்பதை, நடத்தலைக் குறிக்கும் 'அம்புலாரெ'யின் சிதைவென்பர். மூன்று வினைகள் கலந்து ஒன்றாயின. இலத்தீன் ஏடுகள் இருப்பதால் இவ்வரலாறு நமக்குத் தெரிகிறது.

கன்னடத்தில் இத்துணைச் சிக்கல் இல்லை. 'ஹோகு' என்பது நம் 'போ' என்பதன் உறவே. கி.பி. 941-இல் காவியம் இயற்றிய பம்பன் காலத்துக் கன்னடத்தில் அது 'போகு' என்றே வழங்கிற்று. பின்வந்த நூற்றாண்டுகளிற் சொல்லின் முதலில் நின்ற பகரம் ஹகரமாயிற்று. பால் அங்கே 'ஹாலு', புலி 'ஹுலி', பத்து 'ஹத்து'. நம் வகரமோ, 'பஸ்' என்பதன் முதலெழுத்தைப்போல ஒலிக்கும் பகரமாக அங்கே நிற்கும். வா என்பது 'பா', விரல் 'பெரளு', வெள்ளி 'பெள்ளி'. இவ்விரண்டு விதிகளை மனத்திற்கொண்டு கடைத்தெருவில் நடந்தால், அயன்மொழி என எண்ணியதிற் பாதி நம் வீட்டுச் சொல்லாகிவிடும்.

இதனாற் கன்னடம் தமிழிலிருந்து பிறந்ததென்று செருக்குதல் தகாது. நம் 'செவி' கன்னடத்திற் 'கிவி'. நம் 'செய்' பழங்கன்னடத்திற் 'கெய்'. இங்கே பழைய ககரத்தைக் காத்தது கன்னடம், மாற்றிக்கொண்டது தமிழ். தாய்வீட்டுப் பொருள்களுள் ஒருத்தி சிலவற்றையும் மற்றொருத்தி சிலவற்றையும் பேணிவைத்த உடன்பிறந்தார் நிலையே இது. அத்தாய்க்கு இலத்தீனைப் போல் எழுதிவைத்த ஏடு இல்லை. மக்களின் சாயலை ஒப்பிட்டே அவள் முகத்தை உணர்கிறோம். 1856-இற் கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூல் அவ்வழியை விரித்துக் காட்டிற்று.

ஆகவே, அண்டை வீட்டார் இனி 'பன்னி' என்றால், 'பந்தெ' என்று விடைகூறி எழுவோம். அது நம் 'வந்தேன்' அன்றோ?