தட்டியவுடன் பிடியை விடுங்கள்

(ஆம்பூரில் இளைஞர்கள், வியாபாரிகள் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கராத்தே, குத்துச்சண்டை கற்கும் பிள்ளைகள் நம் வட்டாரத்தில் பெருகியிருக்கிறார்கள். தடுக்க நான் வரவில்லை. பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியதை நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் பார்த்தார்கள். புகாரியில் இருக்கிறது. என் கவலை வேறு.

2018 அக்டோபர் 6, லாஸ் வேகாஸ். தாகெஸ்தானின் கபீபும் அயர்லாந்தின் மெக்கிரிகரும் மோதினார்கள். கபீபின் மார்க்கத்தையும் தந்தையையும் மெக்கிரிகர் முன்பே இழிவாகப் பேசியிருந்தார். நான்காம் சுற்றில் கழுத்துப் பிடி தாளாமல் தட்டிவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். கபீபோ வேலி தாண்டிக் குதித்து எதிராளியின் ஆட்கள் மீது பாய்ந்தார். ஐந்து லட்சம் டாலர் அபராதம், ஒன்பது மாதத் தடை! அன்றிரவே மன்னிப்புக் கேட்டார். ஊர் போனால் தந்தையிடம் அடி விழும் என்றும் சொன்னார். நம் பிள்ளைகளோ செல்போனில் அந்தக் குதியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

முஹம்மது அலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் சென்னையில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஆடிக் காட்டியவர். 1975இல் மணிலா போட்டிக்கு முன் ஜோ பிரேசியரைக் 'கொரில்லா' என்று கேலி செய்தார். 2001இல்தான் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஒரு சொல்லைத் திரும்பப் பெற 26 ஆண்டுகள்!

பயிற்சிக் கூடத்தில் கூட ஆடுபவன் உங்களை நம்பித்தான் கழுத்தைக் கொடுக்கிறான். அவன் தட்டியவுடன் பிடியை விடுவது அமானிதம். 'இன்னும் ஒரு விநாடி' என்று அழுத்தினால் மூட்டு போகும், உயிரே போகலாம். முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பயிற்சியில் அதை மறக்காதீர்கள். தோல் ஷாப்பிலிருந்து நேரே வருகிறவர் குளித்துவிட்டு வாருங்கள். நகம் வெட்டுங்கள். படர்தாமரை இருந்தால் ஆறும்வரை வராதீர்கள்; ஒருவரிடமிருந்து கூடமே வாங்கிக்கொள்ளும். புதிதாக வந்த சிறுவனை வீழ்த்தி வீடியோ எடுத்துப் பரப்புவது என்ன வீரம்? மாஸ்டர் மாற்று மதச் சகோதரராக இருக்கலாம். அவர் உங்கள் உஸ்தாத். மாதக் கட்டணத்தை இழுத்தடிக்காதீர்கள்.

வியாபாரிகளுக்கும் ஒன்று. பாக்கி வசூலுக்கு இந்தப் பிள்ளைகளை 'சும்மா கூட நில்லுங்கள்' என்று அழைத்துப் போகிறீர்கள். அங்கே ஒரு கை ஓங்கினால் வழக்கு அந்தப் பிள்ளை மேலும் வரும். அவன் பாஸ்போர்ட், வேலை, கல்யாணம் எல்லாம் நிற்கும். 2015 ஜூனில் இதே ஊரில் கோபம் தெருவில் இறங்கியது. அந்த ஓர் இரவுக்காக, 2023இல் தீர்ப்பு வரும்வரை எத்தனை குடும்பங்கள் நீதிமன்றப் படியேறின! கடைசியில் விடுதலையானவர்களும் அந்த எட்டு ஆண்டுகளை இழந்தவர்கள்தாம்.

உங்கள் பாக்கிக்கு ஜமாஅத் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். பையனை மாலையில் கூடத்துக்கு அனுப்புங்கள்.