தண்டியடிகளின் கயிறும் நம் பிள்ளைகளின் பள்ளியும்

(ஆடிப்பூர விழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)





இம்மேடையில் நின்று பேசுவதற்கு நான் புலவனல்லன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, புகுமுக வகுப்பைக் கடந்து, இடைநிலைக் கல்வியை முடித்து, இன்று அரசாங்க அலுவலகம் ஒன்றில் பணியாற்றுபவன். ஆலயத் தலைவர் அவர்கள் சென்ற மாதம் என்னை அழைத்து, "நம் வட்டாரப் பள்ளியின் சிறப்புக் கல்விப் பிரிவில் என்ன நடக்கிறது, இனி என்ன நடக்கவிருக்கிறது என்பதை நம்மவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்று பணித்தார். அப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான் செயலவை உறுப்பினன். அங்குப் பயிலும் பிள்ளை ஒருவனின் தந்தையும் ஆவேன். ஆகவே மறுக்க இயலவில்லை.

மெய்யன்பர்களே, ஆலயத்தில் பேசுவதால் ஓர் அடியாரை முன்னிறுத்திப் பேச விழைகின்றேன். பெரியபுராணம் போற்றும் அறுபத்துமூவருள் தண்டியடிகள் நாயனாரும் ஒருவர். திருவாரூரில் பிறவியிலேயே பார்வையற்றவராகப் பிறந்தவர். கோயில் திருக்குளம் தூர்ந்து குறுகிப் போனதைக் கேட்டு மனம் நொந்து, அதைத் தோண்டிப் பெரிதாக்குவதே தம் திருப்பணி என்று உறுதி பூண்டார். கண் தெரியாதவர் குளம் தோண்டுவதா என்று எள்ளியவர் உண்டு. அவர் என்ன செய்தார்? தோண்டும் இடத்தில் ஒரு கோல் நட்டார். கரையில் ஒரு கோல் நட்டார். இரண்டிற்கும் இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, அதையே தடவிக்கொண்டு ஏறிக் கரையில் கொட்டினார். பின்னர் இறைவன் அருளால் அவருக்குக் கண் பார்வை கிடைத்தது என்று புராணம் கூறும்.

நாம் பெரும்பாலும் அந்த முடிவை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். பார்வை பின்னால் வந்தது. கயிறு முன்னால் வந்தது. பார்வை கிடைக்கும் வரையில் அவர் காத்திருக்கவில்லை. தம்மால் இயலும் வழியைக் கண்டு தொண்டைத் தொடங்கிவிட்டார். சிறப்புக் கல்வி என்பது எது என்று என்னைக் கேட்டால், அந்தக் கயிறுதான் என்பேன். பிள்ளையின் குறையை மாற்றுவதாக அது வாக்களிப்பதில்லை. அவன் நடந்து சென்று திரும்ப ஒரு பிடிப்பைக் கட்டித் தருகிறது.

நம் நாட்டில் இக்கயிற்றைக் கட்டத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று 1926-ஆம் ஆண்டில் மலாக்காவில் செயின்ட் நிக்கலஸ் இல்லம் தொடங்கப்பெற்றது. பின்னர் அது பினாங்கிற்கு மாறியது. 1948-இல் ஜொகூர் பாருவில் பிரின்சஸ் எலிசபெத் பள்ளியும், 1954-இல் பினாங்கில் செவித்திறன் இல்லாதோர்க்கான கூட்டரசுப் பள்ளியும் தோன்றின. ஆனால் கற்றல் குறைபாடு உடைய பிள்ளைகளுக்குக் கதவு மெல்லவே திறந்தது. பிறர் துணையின்றித் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளே பள்ளியில் பயிலத் தக்கவர்கள் என்று 1997-ஆம் ஆண்டின் விதிமுறைகள் வரையறுத்தன. 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. 2013-ஆம் ஆண்டின் விதிமுறைகள் பிள்ளையைச் சேர்த்துச் சோதனைக் காலத்தில் கவனித்துப் பார்க்க வழி செய்தன. 2019 முதல், எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது என்பது கல்வி அமைச்சின் கொள்கையாக உள்ளது.

இன்று அரசாங்கக் கல்வியில் மூன்று வழிகள் உள்ளன. பார்வை, செவித்திறன் இழந்த பிள்ளைகளுக்கான தனிப்பள்ளிகள் ஒன்று. வழக்கமான பள்ளிக்குள்ளேயே தனி வகுப்புகளாக நடைபெறும் ஒருங்கிணைப்புத் திட்டம் மற்றொன்று. மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் உள்ளடக்கக் கல்வி மூன்றாவது. நம் வட்டாரப் பள்ளியில் இருப்பது இரண்டாம் வகை. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், கற்றல் குறைபாடு உள்ள மூவினப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகப் பயில்கின்றனர்.

இனி அப்பள்ளியின் செய்திகளைக் கூறுகின்றேன்.

சிறப்புக் கல்விப் பிரிவில் இவ்வாண்டு வாழ்க்கைத் திறன் அறை ஒன்று ஒழுங்கு செய்யப்பெற்றுள்ளது. ஓர் அடுப்பு, ஒரு துணி துவைக்கும் இயந்திரம், ஒரு கட்டில், ஓர் இஸ்திரிப் பலகை, இவ்வளவுதான் அங்குள்ளவை. நுழைபவர்க்கு ஒரு சிறு வீடு போலத் தோன்றும். பிள்ளைகள் அங்கே படுக்கை விரிக்கவும், தேநீர் கலக்கவும், சட்டை மடிக்கவும் கற்கின்றனர். ஒவ்வொரு வேலைக்கும் சுவரில் படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். பல் துலக்குவதற்கே எட்டுப் படங்கள் உள்ளன. நாம் ஒரே வேலை என்று எண்ணுவது அப்பிள்ளைக்கு எட்டு வேலைகள் என்பதை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நான் அறிந்தேன். பள்ளியின் பின்புறத்தில் கங்கோங் கீரையும் வெண்டையும் பயிரிட்டிருக்கின்றனர். அறுவடை செய்வதை ஆசிரியர்களே விலை கொடுத்து வாங்கிச் செல்கின்றனர். மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுப்பதே அன்றைய கணக்குப் பாடம்.

மகிழ்ச்சியான செய்தி ஒன்றும் உண்டு. அங்குப் பயின்ற இளைஞர் ஒருவர் இவ்வாண்டு சலவைக் கடையொன்றில் முழுநேர வேலைக்குச் சேர்ந்துள்ளார். முதல் மாதச் சம்பளத்தில் தாயாருக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார் என்று அந்த அம்மையார் இவ்வாலயத்திலேயே என்னிடம் கூறினார்.

இவையெல்லாம் நடக்கின்றன. ஆயினும் அங்குள்ள ஆசிரியை ஒருவர் என்னிடம் வருந்திக் கூறியது வேறு. "ஐயா, உங்கள் சமூகத்துப் பிள்ளைகள் தாமதமாக வருகின்றனர். ஏழு வயது, எட்டு வயது, சிலர் பத்து வயது. அதுவரை எங்கே இருந்தார்கள்?" என்று கேட்டார்.

எங்கே இருந்தார்கள் என்பதற்கு விடை எனக்குத் தெரியும். என் மகனும் அப்படித்தான் இருந்தான்.

மெய்யன்பர்களே, இதை இம்மேடையில் சொல்லத் தயங்கினேன். என் துணைவியார்தான் சொல்லுங்கள் என்றார். எங்கள் இளைய மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. அழைத்தால் திரும்பிப் பார்க்கமாட்டான். உறுமி மேளத்தின் ஓசை கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். கிரகண தோஷம் என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் மற்றொருவர். கருவுற்றிருந்தபோது தாய் செய்த பிழை என்று என் துணைவியார் காதுபடவே பேசியவர்களும் உண்டு. அரசாங்க மருத்துவமனையின் மருத்துவர் தெளிவாக எடுத்துரைத்து, மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்யும் படிவத்தை என் கையில் கொடுத்தார்.

நான் அரசாங்க ஊழியன். 20 ஆண்டுகளாகப் படிவங்களோடு வாழ்பவன். முகப்பில் நின்று தடுமாறும் முதியவர்களுக்கு, "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இங்கே கையெழுத்திடுங்கள்" என்று நாள்தோறும் சொல்பவன். அப்படிப்பட்ட நான், என் மகனின் படிவத்தை மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஒரு நாளன்று, ஒரு மாதமன்று, இரண்டு ஆண்டுகள்! அந்த அட்டை வந்துவிட்டால் என் பிள்ளை அப்படித்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என அஞ்சினேன். அலுவலக நண்பர்கள் கேட்டால் இளையவன் பாட்டி வீட்டில் வளர்கிறான் என்றேன். திருவிழாக் காலங்களில் நானும் என் துணைவியாரும் மாறி மாறி வீட்டில் தங்கினோம். ஐந்து ஆண்டுகள் நாங்கள் இருவரும் சேர்ந்து இந்த அம்மனைத் தரிசித்ததில்லை.

ஐந்து வயதில் பதிவு செய்திருந்தால் பாலர் பள்ளி வயதிலேயே பயிற்சி தொடங்கியிருக்கும். ஏழு வயதில்தான் அவன் பள்ளி வாசலை மிதித்தான். அந்த இரண்டு ஆண்டுகளை யாரும் அவனிடமிருந்து எடுக்கவில்லை. தந்தையாகிய நானே எடுத்தேன். பரிகாரம் செய்ய வேண்டிய தோஷம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்திருக்குமாயின் அது இதுவே.

பள்ளியில் சேர்ந்த ஐந்தாம் மாதம் அவன் முதன்முதலாகத் தண்ணீர் கேட்டான். படத்தைக் காட்டிக் காட்டி ஆசிரியை பழக்கியிருந்த "ஆயேர்" என்னும் மலாய்ச் சொல்லால் கேட்டான். என் தாயார் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்று அழுதார். அது எந்த மொழிச் சொல் என்று அன்று எங்கள் வீட்டில் எவரும் பார்க்கவில்லை. ஆயினும் பின்னாளில் நான் எண்ணிப் பார்த்ததுண்டு. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், சிறப்புக் கல்வி வகுப்புகள் அவற்றுள் சிலவற்றில் மட்டுமே நடைபெறுகின்றன. பதிவு பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்டித்தான் எந்தப் பள்ளியும் வகுப்பு கேட்க முடியும். நாம் மறைத்து வைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கணக்கில் விடுபட்டுப் போகிறது. பாட்டியும் பேரனும் ஒரே மொழியில் தண்ணீர் கேட்டுக் கொடுத்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் நாம் பதிந்துகொள்ள வேண்டும்.

வழிமுறை கடினமானதன்று. முதலில் அரசாங்க மருந்தகத்திற்கோ மருத்துவமனைக்கோ அழைத்துச் சென்று மருத்துவரின் மதிப்பீட்டைப் பெறுங்கள். அவர் உறுதிப்படுத்திய படிவத்தைச் சமூகநல இலாகாவில் கொடுத்து அட்டை பெறுங்கள். பள்ளியில் இடம் பெற மாவட்டக் கல்வி இலாகாவை அணுகுங்கள். சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை உண்டு. 19 வயதோடு பள்ளிக் காலம் முடிந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள். அதன் பின்னும், கடுமையான குறையுடைய பிள்ளைகளுக்கும், 1984-இல் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராகிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவியுள்ள சமூகப் புனர்வாழ்வு மையங்கள் உள்ளன. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமை இரவு பூசைக்குப் பின் இம்மண்டபத்தில் என்னைக் காணலாம். இந்த வேலை ஒன்றாவது எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து நடைபெறவுள்ளவற்றைச் சொல்லி முடிக்கின்றேன். அடுத்த மாதம் பள்ளியின் விளையாட்டுப் போட்டியில் நம் பிள்ளைகளுக்கும் தனிப் போட்டிகள் உண்டு. ஓடி முடிக்கும் இடத்தில் நின்று கைதட்ட ஆள் வேண்டும். தீபாவளிக்கு முந்திய இரண்டாம் சனிக்கிழமை விற்பனை நாள். பிள்ளைகள் செய்த பிஸ்கட்டும், கட்டிய கீரையும், தைத்த துணிப்பைகளும் விற்பனைக்கு வரும். தயவுசெய்து சில்லறையாகக் கொண்டு வராதீர்கள். பெரிய நோட்டாகக் கொடுத்து மீதியைப் பொறுமையாகக் காத்திருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் எண்ணிக் கற்கட்டும். 1992 முதல் ஐக்கிய நாட்டு நிறுவனம் மாற்றுத்திறனாளிகள் நாளாகக் கடைப்பிடிக்கும் டிசம்பர் 3-ஆம் நாளில் பள்ளி பெற்றோரல்லாதார்க்கும் திறந்திருக்கும். வாழ்க்கைத் திறன் அறையை வந்து பாருங்கள்.

நிர்வாகத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள். திருவிழா நாளில் விடியற்காலைப் பூசையின்போது ஒரு மணி நேரம் மேளமும் ஒலிபெருக்கியும் இன்றி இக்குடும்பங்கள் அமைதியாக அர்ச்சனை செய்துகொள்ள இடம் தாருங்கள். சக்கர நாற்காலி ஏறப் பக்க வாசலில் ஒரு சாய்தளம் அமையுங்கள். மூன்றாவது, திருவிழாவிற்கு வேண்டிய விபூதி, குங்குமப் பொட்டலங்களை மடிக்கும் பணியை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெற்றோராகிய நாங்கள் உடன் இருந்து செய்விப்போம். மடிக்கவும், எண்ணவும், அடுக்கவும் அவர்கள் பள்ளியில் கற்றிருக்கின்றனர். சில பொட்டலங்கள் கோணலாக இருக்கலாம். தண்டியடிகள் வெட்டிய கரையும் நேராக இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை.

தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அத்தகைய பிள்ளை இருந்தால் அடுத்த திருவிழாவிற்கு அழைத்து வாருங்கள். அவன் அலறினால் அலறட்டும். திரும்பிப் பார்ப்பவர்கள் மீண்டும் அம்மனை நோக்கித் திரும்பிக்கொள்ளட்டும். இவ்வாண்டு எங்கள் மகனுக்குப் பதினொரு வயது. காதில் ஒலித்தடுப்புக் கருவியை அணிந்து, என் துணைவியாருக்கும் எனக்கும் நடுவில், இதோ மூன்றாம் வரிசையில்தான் இவ்வளவு நேரம் அமர்ந்திருந்தான். இப்போது என் நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருக்கிறான்.