சூப்பர்மேன் இறங்கிய சுரங்கம்
(படிப்பகக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

சூப்பர்மேன் சினிமாவை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நீல உடை, சிவப்புச் சால்வை, மார்பில் ஓர் எழுத்து. இந்த வேஷத்தைச் சினிமாக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1938-இல் அமெரிக்காவில் பத்து சென்ட்டுக்கு விற்ற 'ஆக்ஷன் காமிக்ஸ்' என்ற படக்கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள்.

அவனைப் படைத்தவர்கள் இரண்டு ஏழை இளைஞர்கள். கதை எழுதியவர் ஜெர்ரி சீகல். படம் வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். வேலையில்லாத் திண்டாட்டம் அமெரிக்காவை வாட்டிய காலம் அது. ஆகவே அவர்களுடைய வீரன் மனைவியை அடித்தவனைத் தண்டித்தான். யுத்தத்தை மூட்டி ஆயுதம் விற்றவனை அடக்கினான்.

மூன்றாவது இதழில் என்ன நடந்தது? சுரங்க விபத்தில் ஒரு தொழிலாளி முடமாகிறான். அவனுடைய கவனக் குறைவுதான் காரணம் என்று முதலாளி கை கழுவுகிறான். உடனே சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளியாக வேஷம் போடுகிறான். விருந்து உடையோடு சுரங்கம் பார்க்க வந்த முதலாளியையும் அவனுடைய சீமான் நண்பர்களையும் உள்ளே வைத்து வழியை அடைத்துவிடுகிறான். அபாய மணியை இழுத்தால் அது வேலை செய்யவில்லை! சீமான்கள் தாங்களே மண்ணைத் தோண்ட வேண்டியதாயிற்று. அப்போதுதான் முதலாளிக்குப் புத்தி வந்தது.

சினிமா இவற்றில் எதை எடுத்துக் கொண்டது? 1978-இல் வந்த படம் அந்தப் பழைய புத்தகத்தைத் திறந்து காட்டியே தொடங்குகிறது. 2006-இல் வந்த படத்தில், முதல் இதழின் அட்டையில் இருந்தது போலவே அவன் மோட்டார் காரைத் தூக்கி நிற்கிறான். வேற்றுக் கிரகத்துக் குழந்தை, பத்திரிகை நிருபர் வேலை, லோயிஸ் லேன், எல்லாம் வந்தன. சுரங்கத் தொழிலாளி மட்டும் வரவில்லை.

ஆனாலும் பழைய வாசனை முற்றிலும் போகவில்லை. 1978 படத்தின் வில்லன் லெக்ஸ் லூதர் ஒரு நிலக் கொள்ளைக்காரன். பாலைவனத்தை வாங்கிப் போட்டுவிட்டு, கலிபோர்னியாவின் கடற்கரையையே கடலில் மூழ்கடிக்கத் திட்டமிடுகிறான். தன் நிலம் கடற்கரையானால் விலை ஏறுமல்லவா?

சரி, படைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 13 பக்கக் கதைக்கு 130 டாலர். அந்தக் காசோடு சூப்பர்மேன் மீதிருந்த உரிமையும் கம்பெனிக்குப் போயிற்று. 1947-இல் வழக்குப் போட்டார்கள், உரிமை திரும்பவில்லை. கம்பெனி கோடி கோடியாகச் சம்பாதித்தது. சீகல் குமாஸ்தா வேலை பார்த்தார். ஷூஸ்டரின் கண்பார்வை மங்கிப்போயிற்று.

1975-இல் பெரும் பொருட்செலவில் திரைப்படம் தயாராகும் செய்தி வந்தது. சீகல் நியாயம் கேட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் முதலான சக ஓவியர்கள் அவர்களோடு நின்றார்கள். விஷயம் சந்திக்கு வந்தது. கம்பெனி பணிந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் கொடுக்கவும், இருவர் பெயரையும் படத்தில் போடவும் ஒப்புக்கொண்டது.

தோழர்களே! கதையில் ஒரு வீரன் வந்து முதலாளியைத் திருத்தினான். அந்தக் கதையை எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் எந்த வீரனும் பறந்து வரவில்லை. அவர்கள் வாய் திறந்து கேட்டார்கள். அதே தொழில் செய்தவர்கள் தோள் கொடுத்தார்கள். அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்கையில், திரையில் ஓடும் அந்த இரண்டு பெயர்களையும் நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அவை எப்படித் திரைக்கு வந்தன என்பதையும் சொல்லுவோம்.