மூன்று ஆடல்கள், ஒரு மேடை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

காரக்கோணத்தில் வாழும் தமிழர்க்கு எல்லை என்பது ஏட்டில் படித்தறியும் செய்தி அன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக்கோட்டிற்குச் சில கல் தொலைவிலேயே நம் ஊர் அமைந்திருக்கின்றது. கோட்டிற்கு அப்பாலிருந்து பணியும் வணிகமும் நாடி வந்தவர்கள் நம்முள் பலர். நம் பிள்ளைகளோ வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வளர்கின்றனர். ஆதலின், "எது நம்முடையது? எது பிறருடையது?" என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுவது இயற்கையே.

அவ்வினா இவ்வாண்டு நம் விழா மேடையைப் பற்றியே எழுந்துவிட்டது. இளைஞர் சிலர் செயற்குழுவின் முன் வந்து மாலை நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் வேண்டினர். தெருவில் பிறந்த ஆட்டம் ஒன்று, பாலே ஒன்று, ஆப்பிரிக்க ஆட்டம் ஒன்று என மூன்றையும் அடுத்தடுத்து ஆடி, முடிவில் மூன்றையும் இணைத்து நிறைவு செய்வதாகக் கூறினர். மூத்தோர் பலர் மறுத்தனர். "ஆண்டிற்கு ஒருமுறை நாம் கூடுவது தமிழ்க் கலையைக் கண்டு மகிழ்வதற்கன்றோ?" என்பது அவர்தம் கேள்வி. மறைப்பானேன்? அவ்வாறு மறுத்தவர்களுள் யாமும் ஒருவரே.

அக்கூட்டத்தில் ஒரு சிறுமியை நோக்கி, "இந்த ஆப்பிரிக்க ஆட்டத்தை யாரிடம் கற்றாய், அம்மா?" என்று வினவினோம். "கைப்பேசியில் பார்த்துக் கற்றேன், மாமா" என்றாள். "எந்த நாட்டு ஆட்டம்? ஆடுவோர் யாவர்?" என்றோம். அவளுக்குத் தெரியவில்லை. வழக்கில் வென்றுவிட்டதாகவே எண்ணினோம். உடனே அவள், "நம்முடைய ஆட்டம் என்று காக்காரிசியைச் சொல்கிறீர்களே, அதை ஆடத் தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள், மாமா. அவரிடமும் போய்க் கற்றுக்கொள்கிறேன்" என்றாள். எம்மிடமும் விடை இல்லை! அன்றிரவு நாணத்தோடு வீடு திரும்பினோம். அந்த நாணத்திலிருந்து பிறந்ததே இவ்வுரை.

முதலில் நம் காலடி மண்ணை நோக்குவோம். காக்காரிசி நாடகம் தென் திருவிதாங்கூரின் சிற்றூர்களில் வளர்ந்த கூத்து. சிவபெருமானும் உமையும் காக்காலனும் காக்காத்தியுமாக, ஊர் ஊராய்த் திரிந்து குறி சொல்வோர் வடிவில் மண்ணுலகிற்கு வருகின்றனர். தம்புரான் அவர்களை நிறுத்தி, "நீ யார்? எங்கிருந்து வந்தாய்?" என்று வினவ, அவ்வினாக்களுக்கு விடையாகவே ஆட்டமும் பாட்டும் நகையும் பெருகுகின்றன. அதன் மொழியில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். மிருதங்கத்தோடும் கஞ்சிராவோடும் ஒலிக்கும் ஆர்மோனியமோ ஐரோப்பாவில் பிறந்தது. இதனை நாம் கலப்பு என்று தள்ளினோமா? நம்முடையது என்றல்லவோ கொண்டாடுகின்றோம்!

வடக்கே கொடுங்கல்லூர், கொச்சிக் கடற்கரைகளில் கிறித்தவ மக்கள் ஆடும் சவிட்டு நாடகத்தையும் எண்ணிப் பாருங்கள். மரப்பலகை மேடை அதிர மிதித்து ஆடுவது அக்கூத்து. அதில் புகழ் பெற்ற 'காரல்மான் சரிதம்' ஐரோப்பியப் பேரரசன் சார்லமேனின் கதை. அணியும் உடையும் முடியும் ஐரோப்பிய முறையின. அடிவைப்பில் களரியின் சாயல் உண்டு. பாடலின் மொழியில் தமிழ் மிகுதி. அதனை இயற்றியவர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற சின்னத்தம்பி அண்ணாவி என்று மரபு கூறும். ஆகவே, கலை கலத்தல் புதுமையுமன்று, பழியுமன்று. அங்ஙனமாயின் பழி எங்கே உளது?

அதனை அறிய 1838ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து கோயில் ஆடல் மகளிர் ஐவரும் இசைவாணர் மூவரும் தார்திவேல் என்னும் பிரெஞ்சுக்காரர் செய்த ஒப்பந்தத்தின்படி கப்பலேறினர். பாரிசு நகரத்து வாரியேத்தே அரங்கில் ஆகஸ்டுத் திங்களில் ஆடினர். பின்னர் இலண்டன் சென்று அடெல்பி அரங்கிலும் ஆடினர். அவர்களுள் அம்மணி என்னும் பதினெட்டு வயது நங்கையைக் கண்டு வியந்த தியோபில் கோத்தியே என்னும் கவிஞர் பக்கம் பக்கமாக எழுதினார். ஓகுஸ்த் பார் என்னும் சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார்.

அந்த வியப்பு என்ன பயன் தந்தது? கோத்தியே 1858இல் சகுந்தலையின் கதையைப் பாலே நாடகமாக அமைத்தார். ஆடல் வகுத்தவர் லூசியன் பெத்திப்பா. அவருடைய தம்பி மாரியுஸ் பெத்திப்பா 1877இல் உருசிய நாட்டுத் தலைநகரில் 'லா பயதேர்' என்னும் பாலேயை அரங்கேற்றினார். 'பயதேர்' என்பது நம் கோயில் ஆடல் மகளிரை ஐரோப்பியர் அழைத்த பெயர். அதன் தலைவி இந்தியக் கோயிலொன்றில் ஆடுபவள். ஆயின் அவள் ஆடியது கால் விரல் நுனியில் நின்று சுழலும் ஐரோப்பிய நடனமே. சதிரின் இலக்கணம் அங்கில்லை. கற்றுக்கொடுக்க நட்டுவனார் ஒருவரும் அழைக்கப்படவில்லை. ஆடல் மகளின் உருவத்தை எடுத்துக்கொண்டனர்; அவள் கலையையோ வெளியே நிறுத்திவிட்டனர்! இலண்டன் வாழ் தமிழ்ப் பெண்மணி ஷோபனா ஜெயசிங் 2015இல் அமைத்த ஆடல் நாடகமொன்று, பழைய பாலேயையும் திருவந்திபுரத்து மகளிரையும் ஒரே மேடையில் எதிரெதிரே நிறுத்திக் காட்டியது. அதற்குள் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

பாரிசைக் குறை கூறுவது எளிது. நம் கையும் தூய்மையானதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உருசிய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆடலில் மனம் பறிகொடுத்த ருக்மிணி தேவி, அவர் குழுவினரான கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். தம் நாட்டுக் கலையையும் தேடுமாறு பாவ்லோவா கூறிய அறிவுரை அவரைச் சதிரின்பால் திருப்பிற்று. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935இல் அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அயற்கலை நம் கலைக்குக் கண் திறந்த வரலாறு இது. இதனை நாம் போற்றுகின்றோம்.

எனினும் அதே காலத்தில், பரதநாட்டியம் என்னும் பெயரோடு சதிர் சபை மேடைகளில் ஏறியபொழுது, வழிவழியாக அதனைக் காத்த குடும்பத்துப் பெண்களில் எத்தனை பேர் அம்மேடைகளில் ஏறினர்? 1947ஆம் ஆண்டுச் சட்டம் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழித்தது, அது செய்யத்தக்கதே. ஆனால் வழக்கத்தோடு வழக்கமாக, கலை கற்றிருந்த பெண்களையும் சமுதாயம் ஒதுக்கியது. பாலசரசுவதி அம்மையார் போன்ற ஒரு சிலரே உலகறிய நிலைத்தனர். பெயரில்லாமற் போனவர் பலர்.

இனி, அச்சிறுமியின் ஆட்டத்திற்கு வருவோம். பின்னர் உசாவி அறிந்தோம்; அது தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளரின் ஆட்டம். நீர் தேங்கிய பொற்சுரங்கங்களில் முழங்கால் உயர ரப்பர்க் காலணி அணிந்து உழைத்த கறுப்பின மக்கள், அக்காலணிகளையே கையால் அறைந்தும் நிலத்தில் உதைத்தும் தாளம் எழுப்பி ஆடினர். ரப்பர்த் தோட்டங்களிடையே வாழும் நமக்கு அக்காலணியின் கதை அயலார் கதைதானா? 1860இல் சென்னையிலிருந்து 'துரூரோ' என்னும் கப்பல் 342 பேரைச் சுமந்து நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அந்நகரில் சூரியா கோவிந்தர் என்னும் அம்மையார் 'சூரியலங்கா' என்னும் ஆடற்குழுவைத் தோற்றுவித்தார். சூலு மொழியில் 'இலங்கா' என்றாலும் ஞாயிறே. அங்கே சூலு மக்கள் பரதம் பயின்று ஆடினர். அவர்தம் மரபும் அதே மேடையில் தன் பெயரோடு நின்றது. பாரிசில் நிகழாதது டர்பனில் நிகழ்ந்தது.

பாலேயின் கதையிலும் இத்தகைய திருப்பம் உண்டு. நியூயார்க்கு நகரப் பாலேக் குழுவில் 1955இல் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் ஆர்தர் மிச்சல், மார்ட்டின் லூதர் கிங் 1968இல் கொல்லப்பட்டதைக் கண்டு உள்ளம் நொந்தார். தாம் பிறந்த ஹார்லம் பகுதியின் பிள்ளைகளுக்குப் பாலே கற்பிக்க முனைந்து, 1969இல் ஹார்லம் ஆடல் அரங்கை நிறுவினார். பாலே அவர்க்கு இரவற் பொருளாக இருக்கவில்லை. முறையாகக் கற்று, முழு உரிமையோடு ஆடினார். தெரு ஆட்டத்தின் பெருமையையும் கேளுங்கள். நியூயார்க்கின் பிராங்சுப் பகுதியில் 1970களில் ஏழைக் கறுப்பின இளைஞரிடையே பிறந்த 'பிரேக்' ஆட்டம், 2024இல் ஒலிம்பிக்கு மேடையேறியது. எந்நகரில்? அம்மணி ஆடிய அதே பாரிசில்! ஆயின் இம்முறை ஆடியோர் ஒவ்வொருவரும் தத்தம் பெயர் சொல்லி அழைக்கப்பெற்றே களம் புகுந்தனர்.

அன்பர்களே! மூன்று ஆடல்கள் ஒரு மேடையில் ஏறுவதால் தமிழ் குறைந்துவிடாது. ஒன்றிற்கேனும் உரியவர் பெயர் மறைக்கப்படுமாயின் மேடைதான் குறைந்துவிடும். கலப்பில் அறமும் உண்டு, களவும் உண்டு. கற்று, பெயர் சொல்லி, உரியவரை அருகில் அமர்த்திக் கலந்தால் அது உறவு. பார்த்து எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டால் அது களவு. இவ்வளவே எம் கருத்து.

ஆதலின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடுங்கள், யாம் தடுக்கமாட்டோம். ஆனால் ஆடுமுன், இது இன்னார் கலை, இன்ன வாழ்வில் பிறந்தது என்று அவையோர்க்கு உரையுங்கள். திரையில் கண்டது தொடக்கமாகட்டும். கற்றறிந்த ஆசிரியரைத் தேடுவது அடுத்த படியாகட்டும். ஆப்பிரிக்கா ஒரு நாடன்று, பெருங்கண்டம். "ஆப்பிரிக்க ஆட்டம்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடாதீர்கள். நம் கூத்தையெல்லாம் "இந்திய ஆட்டம்" என்று ஒருவர் சுருக்கினால் நமக்கு மனம் நோகாதா?

மூத்தோர்க்கும், எம்மையும் உட்படுத்தியே, ஒரு வேண்டுகோள். "நம் கலை, நம் கலை" என்று மேடையில் முழங்குவது போதாது. இப்பகுதிச் சிற்றூர்களில் காக்காரிசியும் வில்லுப்பாட்டும் அறிந்த ஆசான்கள் எங்கேனும் இருப்பின், அவர் வீட்டுத் திண்ணை வரை நாம் நடந்து செல்ல வேண்டும். தக்க ஊதியம் தந்து அழைத்து, விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகளை அவர்முன் அமர்த்த வேண்டும். ஐந்து நிமிட இடைநிரப்பாக அன்றி, விழாவின் நடுவில் அவர்க்கு இடம் தர வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் அவருடைய பெயர் தலைவர் பெயருக்கு அருகில் அச்சாக வேண்டும். அதற்கு ஆகும் செலவில் எம் பங்கை இன்றே பொருளாளரிடம் அளிக்கின்றோம்.

அந்தச் சிறுமி இன்று மாலை ரப்பர்க் காலணி அணிந்து ஆடவிருக்கின்றாள். ஆடுமுன் சுரங்கத் தொழிலாளரின் கதையைத் தமிழில் எடுத்துரைப்பதாகக் கூறியுள்ளாள். அவள் தன் கடனை நிறைவேற்றிவிட்டாள். அவள் கேட்ட வினாவிற்கு விடை தருவது நம் கடன். அடுத்த ஆண்டு அவள் ஓர் ஆசான் பெயரைச் சொல்லிக் காக்காரிசி ஆடும் நாளை எதிர்நோக்கி அமைகின்றோம்.